வரைபடத்துக்கு முன் வேண்டிய விசாரணை



மாதுறு ஓயாவின் நீர் ஓட்டமாவடிப் பாலம் நிற்கும் வாழைச்சேனைக் களப்பில் வந்து சேர்கிறது. அவ்வாற்றின் மேற்புறக் காட்டுப் பகுதியிலும், ஓட்டமாவடிக்கு வடக்கே வாகரைக் கரையோரத்திலும் இந்நாட்டின் ஆதிக்குடிகளாகிய வேடர் வாழ்ந்து வருகின்றனர். கரையோர வேடர் தமிழ் பேசுவோர். செலிக்மன் தம்பதியர் 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவர்களைப் பற்றியும் எழுதியுள்ளனர்.

வேடர்களின் நிலவிவகாரங்களுக்குப் புவியியல் தகவல் முறைமை வேண்டுமா? வேண்டுமாயின் அது எத்தகையதாய் அமைதல் வேண்டும்? இதுவே இன்றைய ஆராய்ச்சி.

ஆறு, காடு, பாதை, எல்லை ஆகியவற்றைத் தனித்தனிப் படலங்களாகக் கணினியில் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் ஏற்பாடே இம்முறைமை. 1960களில் கனடா அரசின் நிலக் கணக்கெடுப்புக்காக ரொஜர் டொம்லின்சன் இதனை உருவாக்கினார். 1970களில் அதே நாட்டின் இனூயிட் மக்கள், தம் வேட்டைத் தடங்களை வாய்மொழியாய்ச் சொல்லி வரைபடத்தில் ஏற்றுவித்தனர். பின்னர் நடந்த நிலவுரிமைப் பேச்சுகளுக்கு அவ்வரைபடங்கள் ஆதாரமாயின.

இலங்கையில் நேர்ந்தது வேறு. 1983ஆம் ஆண்டில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. தம்பானைப் பகுதி வேடர் தலைமுறை தலைமுறையாய் வேட்டையாடிய காடு, அன்று வரைந்த எல்லைக்கோட்டுக்குள் அடங்கிற்று. பலர் மகாவலிக் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டனர். தலைவர் திஸ்ஸஹாமியும் சில குடும்பத்தாரும் பெயர மறுத்தனர். காட்டில் மரத்தையும் மிருகத்தையும் கண்ட வரைபடம், அங்கு நடமாடிய மனிதரைக் காணவில்லை. கோடு ஒன்றே ஆயினும், அதனால் பாட்டன் நடந்த வழியில் பேரன் நடப்பது குற்றமாயிற்று.

ஆகவே, கருவி வாங்கு முன் நான்கு வினாக்களுக்கு விடை காண வேண்டும்.

முதலாவது, எந்த முடிவை எடுக்க இந்த வரைபடம்? சேனை நிலத்துக்கா, மீன்பிடித் துறைக்கா, கிணறு தோண்டுவதற்கா? இரண்டாவது, இப்போதுள்ள பதிவுகள் யாரிடம் உள்ளன? நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு முதல் இயங்கி வருவது. ஆயினும் தேனெடுக்கும் இடத்தின் பெயர் முதியவரின் நினைவிலேதான் இருக்கும். மூன்றாவது, முறைமையை நடத்துவோர் யார்? மென்பொருள் விலையின்றியும் கிடைக்கும். பயின்ற இளைஞர் அவ்வாறு கிடையார். நான்காவது, எதை வரையாது விடுவது? வழிபாட்டிடமும் தேன்மரமும் எல்லோர் கண்ணுக்கும் புலப்பட்டால் அவை நிலைக்குமா?

வேடருக்கெனச் சட்டப்படியான தனி ஆட்சிமன்றம் இந்நாட்டில் இல்லை. பாரம்பரியத் தலைவர் ஒருபுறம், பிரதேச சபையும் பிரதேச செயலகமும் மறுபுறம் உள்ளன. எனவே ஐந்தாவதாக ஒரு வினாவும் எழுகின்றது: தொகுத்த தகவல் யார் உடைமை? பழங்குடிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்தை 2007ஆம் ஆண்டில் இலங்கையும் ஆதரித்து வாக்களித்தது. அதன்படி, அம்மக்களின் சம்மதம் முதலில் பெறப்படுதல் வேண்டும்.

தேவையை அறியாமல் கருவி வாங்குவது, தலைப்பாகையை வாங்கிவிட்டுத் தலையைத் தேடுவது போலாகும். நிலத்தை அறிந்தவரிடம் முதலில் கேட்போம். பிறகு கோடு வரைவோம்.