மாதரியின் மனையும் புறநகர் வீடும்

 

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் நெல்லும் மணிலாவும் விளைவித்து வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல, கல்வியையும் பணியையும் நாடித் தலைமுறை தலைமுறையாகச் சென்னைக்கு வந்துகொண்டிருக்கின்றன. நகரின் நடுவே நிலத்தின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்டமையால், இன்று வீடு தேடுவோர் பெரும்பாலும் புறநகரையே நாடுகின்றனர். தாம்பரம், மேடவாக்கம், ஆவடி எனத் திசைதோறும் மனைப்பிரிவுகளும் அடுக்ககங்களும் எழுந்த வண்ணம் உள்ளன. ஆவடி 2019 ஆம் ஆண்டிலும் தாம்பரம் 2021 ஆம் ஆண்டிலும் மாநகராட்சிகளாகவே உயர்ந்துவிட்டன.

வீடு வாங்கப் புறப்படும் குடும்பம் பல கேள்விகளைக் கேட்கிறது. சதுர அடி என்ன விலை? வங்கி எவ்வளவு கடன் தரும்? பட்டா யார் பெயரில் உள்ளது? வில்லங்கச் சான்று எத்தனை ஆண்டுக்குப் பார்க்க வேண்டும்? இவை யாவும் கேட்கத்தக்கவையே. ஆயினும், இவற்றுக்கு நிகரான வேறு மூன்று கேள்விகள் பெரும்பாலும் கேட்கப்படாமலே போகின்றன. வாசற்கதவைத் திறந்தால் எதிர்ப்படுபவர் யார்? பத்து வயதுப் பிள்ளை துணையின்றி எவ்வளவு தொலைவு நடந்து சென்று திரும்பலாம்? ஊரிலிருந்து வந்து தங்கும் பாட்டி, பகற்பொழுதை யாரோடு கழிப்பார்?

வீட்டின் சுவர் பிடிக்கவில்லையெனில் இடித்துக் கட்டலாம். சமையலறையைத் திசை மாற்றி அமைக்கலாம். அயலை மட்டும் மாற்ற இயலாது. இருபது ஆண்டுக் கடனோடு வருவது வீடு மட்டுமன்று, அந்த அயலுமாகும்.

இதில் மிகுதியாகத் துன்புறுவோர் முதியோரே. ஊரில் திண்ணையில் அமர்ந்தால் தெருவே உறவாக இருந்தது. விடியலில் ஜினாலயத்துக்கு நடந்து போய், வழியில் நான்கு பேரிடம் நலம் கேட்டு, வீடு திரும்பிய தாய், மகனின் மூன்றாம் மாடிக் குடியிருப்பில் கம்பிக் கதவுக்குப் பின்னால் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கிறார். மகனும் மருமகளும் அன்பில் குறை வைப்பதில்லை. ஆயினும் மூன்றே மாதத்தில், 'ஊருக்கே அனுப்பிவிடு அப்பா' என்று அந்தத் தாய் கேட்கிறார். அக்குடும்பத்தார் வீட்டைத் தேர்ந்தெடுத்தபோது தெருவைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே அதன் காரணம்.

புறநகரில் ஒரு குடும்பத்துக்கு நல்ல இடம் தேடிய கதை தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் அது விரிவாகவே கூறப்பட்டுள்ளது. கவுந்தியடிகள், கோவலன், கண்ணகி ஆகிய மூவரும் மதுரையின் மதிலுக்குப் புறத்தே உள்ள புறஞ்சேரியில் வந்து தங்குகின்றனர். அது அறவோர் உறையும் இடம்; இல்லறத்தார் தங்குதற்கு உரியதன்று. ஆகவே பொழுது சாய்வதற்குள் நகருக்குள் இடம் தேட வேண்டிய நிலை. அவ்வேளையில் இயக்கிக்குப் பாலுணவு படைத்துத் திரும்பிய மாதரி என்னும் ஆயர் மூதாட்டி, அடிகளை வணங்குகிறாள். சமணத் துறவியாகிய கவுந்தியடிகள், கண்ணகியை அந்த மூதாட்டியிடமே அடைக்கலமாக ஒப்படைக்கிறார்.

அடிகள் எவற்றை எண்ணி அந்த முடிவுக்கு வந்தார் என்பதையும் இளங்கோவடிகள் கூறாமல் விடவில்லை. பசுக்களைப் பேணி அவற்றின் பயனைப் பிறர்க்கு அளிக்கும் ஆயர் வாழ்வில் கொடுமை இல்லை. மாதரியோ தீதற்றவள், முதியவள், நேர்மை உடையவள், இரக்கம் மிக்கவள். இவ்வளவே அடிகள் எண்ணியவை. அவளுடைய செல்வம் எவ்வளவு என்பது அங்கே பேசப்படவில்லை. அவள் சமண சமயத்தவளா என்ற வினாவும் எழவில்லை. மாயவனைப் போற்றிக் குரவையாடும் குலத்தினள் அவள்.

மாதரி செய்ததோ அதனினும் வியப்புக்குரியது. செம்மண் பூசிய, காவலுடைய சிறுமனை ஒன்றைக் கண்ணகிக்கு ஒதுக்கித் தருகிறாள். தன் மகள் ஐயையைத் துணையாக்குகிறாள். வந்தவர்கள் சாவக நோன்பினர் என்பதை அறிந்து, பகற்பொழுதுக்குள் உணவு ஆக்குவதற்கு ஏற்ற நல்ல கலங்களைக் காலம் தாழ்த்தாமல் கொடுக்குமாறு சொல்கிறாள். வெள்ளரியும் மாதுளங்காயும் மாங்கனியும் வாழைக்கனியும் சாலி அரிசியும் பாலின் பயனும் வந்து சேர்கின்றன. அந்தப் பட்டியலில் கிழங்கு ஒன்றுகூட இல்லை என்பது கருதத்தக்கது.

நல்ல அயல் என்பதற்கு இதனினும் தெளிவான இலக்கணம் வேறு வேண்டியதில்லை. தன் நோன்பு அன்று அது. ஆயினும் அயலாரின் நோன்பை அறிந்து, அது கெடாதவாறு காக்க விரைகிறாள். பின்னர்க் கோவலனை அரச ஆணையால் கொன்றது மதுரை மாநகர். அடைக்கலம் இழந்தேன் என்று தீயிற் புகுந்து உயிர் விட்டவளோ அந்த அயல்வீட்டு மூதாட்டி. நகரம் தவறிய இடத்திலும் அயல் தவறவில்லை.

இக்காலத்து நகர அமைப்பு வல்லுநர்களும் வேறொரு வழியில் இதே முடிவை அணுகியுள்ளனர். அமெரிக்கரான கிளாரன்ஸ் பெர்ரி, 1929 ஆம் ஆண்டு நியூயார்க் வட்டார ஆய்வில் 'அண்டைக் குடியிருப்பு அலகு' என்னும் கருத்தை விளக்கினார். நடுவில் ஒரு தொடக்கப்பள்ளி. அதனைச் சுற்றி ஏறக்குறைய கால் மைல், அதாவது 400 மீட்டர் ஆரத்துக்குள் வீடுகள். பெருஞ்சாலைகள் எல்லையில் மட்டும். பத்தில் ஒரு பங்கு நிலம் பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும். பெருஞ்சாலையைக் கடக்காமலே குழந்தை பள்ளிக்கு நடந்து செல்ல வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. 1961 இல் நூல் எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ், பெருந்திட்டங்கள் மட்டும் போதா என்று மறுத்துரைத்தார். கடைக்காரரும் வழிப்போக்கரும் சன்னலில் நிற்போரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதே தெருவுக்குப் பாதுகாப்பு என்பது அவர் கருத்து. இருவரும் சொன்னவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது ஒன்றே: நடந்து செல்லத்தக்க தொலைவும், அறிந்த முகங்களும் இருக்கும் இடமே குடும்பத்துக்கு உரிய இடம்.

இனி, சென்னைப் புறநகரில் இடம் தேடும் குடும்பம் செய்யத்தக்கவை சில உள்ளன.

முதலாவது, நீர். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது முடிச்சூரும் மேற்குத் தாம்பரப் பகுதிகளும் வெள்ளத்தில் மூழ்கின. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சூழ்ந்த பகுதிகள் பல நாள் நீரில் நின்றன. அச்சதுப்புநிலம் 2022 இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏரியும் சதுப்பும் எண்ணற்ற உயிர்களின் உறைவிடம். அவற்றின் வழியை அடைத்து எழுந்த வீட்டில் கொல்லாமை பேசுவது பொருந்துமா என்பதை ஒவ்வொருவரும் தம்முள் எண்ணிப் பார்க்கலாம். ஆகவே இடத்தை ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை சென்று காண வேண்டும். தரகரிடம் கேட்பதைவிட, அத்தெருவில் பத்தாண்டு கடை வைத்திருப்பவரிடம் வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்பது நன்று.

இரண்டாவது, பொதுநிலம். தமிழ்நாட்டின் 2019 ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். பெர்ரி சொன்ன அதே பத்தில் ஒரு பங்கு! அந்நிலம் வரைபடத்தில் எங்கே உள்ளது என்று கேட்டு, அங்கே நேரில் சென்று நிற்க வேண்டும். பிள்ளைகள் விளையாடுகிறார்களா, கட்டடக் கழிவு கொட்டிக் கிடக்கிறதா என்பதைக் கண்டாலே அவ்வூரார் ஒன்றுபட்டுச் செயல்படுவோரா என்பது விளங்கிவிடும்.

மூன்றாவது, பொழுது. கடற்கரை – தாம்பரம் மின்தொடர்வண்டி 1931 முதல் ஓடுகிறது. அந்தத் தடத்தை ஒட்டியே தென்புறநகர் வளர்ந்தது. இரவு உண்ணாமையை மேற்கொண்ட குடும்பத்துக்குப் பயண நேரம் வெறும் வசதி பற்றியதன்று, நோன்பு பற்றியது. சென்னையில் மார்கழி மாலையில் ஆறு மணிக்கு முன்பே ஞாயிறு மறைந்துவிடும். ஒன்றரை மணி நேரம் சாலையில் கழியுமானால் வீட்டில் இருப்போர் ஒரு வேளையிலும் பணியிலிருந்து திரும்புவோர் வேறு வேளையிலும் உண்ண நேரும். சிறுகச் சிறுக நோன்பு நழுவும். நிலையத்துக்கு அருகே அமைந்த சிறிய வீடு, தொலைவில் உள்ள பெரிய வீட்டைவிட நோன்புக்கு உகந்தது.

நான்காவது, மாலை ஐந்து மணி. விற்பனையாளர் காட்டும் காலை வேளையில் எல்லாத் தெருவும் அழகாகவே தோன்றும். பள்ளி விட்ட பிறகு மாலையில் ஒருமுறை தெருவின் முனைவரை நடந்து பார்க்க வேண்டும். மிதிவண்டி ஓட்டும் சிறுவர், வாசலில் நிற்கும் முதியோர், பெயர் சொல்லி அழைக்கும் கடைக்காரர் ஆகியோர் அங்கே தென்பட்டால், பெற்றோருக்கு அத்தெரு ஓரளவு உறுதி தருகிறது. மதில்களும் ஊர்திகளும் மட்டுமே தென்பட்டால், மறுமுறை எண்ணுவதே தக்கது.

இங்கே ஒரு நுண்ணிய சிக்கல் உண்டு. 'சமணக் குடும்பங்கள் மட்டுமே வாழும் ஒரு வளாகம் அமைந்தால் இத்தனை கவலையும் இல்லையே' என்று சிலர் கருதுகின்றனர். அந்த ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. நடந்து செல்லும் தொலைவில் ஜினாலயமோ வழிபாட்டுக் கூடமோ இருப்பதும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத்தக்க இரண்டு மூன்று குடும்பங்கள் அருகே வாழ்வதும் பெரும் பேறு. தேடும்போது அதை முதன்மையாகக் கருதுவதே முறை. ஆயினும் பிறரை வெளியே நிறுத்தும் மதில் வேறு, அருகருகே வாழ்வது வேறு.

தமிழ்ச் சமணர் எக்காலத்தும் பிறரோடு கலந்தே வாழ்ந்தவர்கள். ஒரே ஏரியின் நீரைப் பங்கிட்டுப் பயிர் செய்தனர். ஒரே தமிழைப் பேசினர். அயல்வீட்டாரின் திருமணத்துக்குச் சென்றபோது, அவர்களுக்கெனப் பொழுதோடு தனி இலை போடப்பட்ட ஊர்கள் பல. அந்த இலை தானாக விழவில்லை. இக்குடும்பத்தின் ஒழுக்கம் இன்னது என்பதை அயலார் அறிந்திருந்தனர். அறியும்படி இக்குடும்பமும் பழகியிருந்தது. மதிலுக்குள் வாழும் பிள்ளைக்குத் தன் நோன்பைப் பிறர்க்கு எடுத்துச் சொல்லும் தேவையே எழாது. சொல்லப் பழகாதவன், வெளியே செல்லும் நாளில் அதைக் கைவிடவே எளிதாகப் பழகுவான்.

இவ்வளவும் பார்த்துத் தேர்ந்தெடுத்த பின்னரும் பாதி வேலையே முடிந்திருக்கும். நல்ல அயல் ஓரளவு தேடிக் கிடைப்பது, பெரும்பாலும் உண்டாக்கிக்கொள்வது. குடியேறிய முதல் வாரத்திலேயே இருபுறத்து வீட்டாரையும் எதிர்வீட்டாரையும் சென்று காணலாம். வேர்க்காய்கள் உண்பதில்லை, பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்பதைக் குற்றம் சாட்டும் தொனியின்றி, புன்னகையோடு ஒருமுறை சொல்லிவைக்கலாம். அவர்களுடைய நோன்பு நாள்களைக் கேட்டு நினைவில் கொள்ளலாம். அயல்வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் விருந்து இரவு எட்டு மணிக்கு என்றால், ஐந்தரை மணிக்கே சென்று வாழ்த்திவிட்டு வரலாம். மறுமுறை அவ்வீட்டார் தாமே மாலைப் பொழுதிலேயே சிறிது பழம் எடுத்து வைப்பர்.

பொதுப்பணியிலும் பங்கு வேண்டும். ஏழு பேர் இணைந்தாலே 1975 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்க் குடியிருப்போர் நலச் சங்கம் அமைக்கலாம். நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. தெருவிளக்கு, மழைநீர் வடிகால், பூங்கா குறித்து அங்கே எவரும் பேசலாம். 'கோயில் பணிக்கே நேரம் இல்லை' என்று கூறி இவற்றினின்று ஒதுங்குவோர் உண்டு. தெருமுனையில் வடிகால் அடைப்பை நீக்குவதற்காக ஒரு மாலை செலவிடுவதும் உயிர்களுக்குச் செய்யும் தொண்டே.

ஊரிலிருந்து வந்த தாயையும் ஒரு சொல்லால் நினைக்க வேண்டும். அவரை அழைத்துக்கொண்டு நாள்தோறும் கால் மணி நேரம் தெருவில் நடந்தால் போதும். முதல் வாரம் யாரும் பேசமாட்டார்கள். இரண்டாம் வாரம் பூக்காரப் பெண் பேசுவாள். மூன்றாம் வாரம் எதிர்வீட்டு மூதாட்டி, 'எந்த ஊரம்மா?' என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் புறநகர் ஊராகத் தொடங்குகிறது.

கவுந்தியடிகள் மாதரியின் இயல்பைக் கண்டறிந்தார். இன்றைய புறநகரிலும் மாதரிகள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டறியும் குடும்பம் நலம் பெறும். புதிதாகக் குடிவரும் வேறொரு குடும்பத்துக்குத் தானே மாதரியாக அமையும் சமணக் குடும்பமோ, தான் வாழும் தெருவையே அறத்தின் உறைவிடமாக ஆக்கிவிடும்.

அறம் தழைக்க! அனைத்துயிரும் இன்புற்று வாழ்க!