அரசாங்கப் பிணையும் குடியிருக்கும் வீடும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிறர் கடனுக்குப் பிணை நின்று நிலம் இழந்தோரை நம்முள் அறியாதார் இலர். ஓர் அரசாங்கமே பிணை நிற்குமாயின், அப்பிணை யாரைக் காக்கும்? இவ்வினாவிற்கு விடை காணும் பொருட்டு, அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிராம வீட்டுக் கடன் முறையை இன்று எடுத்துக்கொண்டோம்.

அந்நாட்டுக் கலிபோர்னியா மாகாணத்தில் டுலேரி என்பதொரு கவுண்டி. கறவைப் பண்ணைகளும், திராட்சைத் தோட்டங்களும், ஆரஞ்சுத் தோப்புகளும் நிறைந்த உழவர் நாடு. இத்தகைய இடங்களில் மாதந்தோறும் வாடகையைத் தவறாது செலுத்தியும், முன்பணம் சேர்க்க இயலாமையால் சொந்த வீடு பெறாதார் பலர். கிராமத்து வீட்டுக் குறையை நீக்க எழுந்ததே 1949ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் 502ஆம் பிரிவு. முதற்கண் பண்ணையுடையார்க்கே உரியதாயிருந்த அவ்வுதவி, 1961இல் நாட்டுப்புறத்து வாழும் பிறர்க்கும் விரிந்தது.

இதில் இருவகை உண்டு. ஒன்று, விவசாய இலாகா தானே கடன் கொடுப்பது. இது குறைந்த வருமானமுடையார்க்கு உரியது. தவணை 33 ஆண்டு. மிகவும் எளியார்க்கு 38 ஆண்டு. தக்கார்க்கு வட்டிச் சுமை நூற்றுக்கு 1 வரை குறைக்கப்படும். எனினும் அச்சலுகை முற்றும் தானமன்று. பின்னர் வீட்டை விற்குங்கால் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க நேரலாம்.

மற்றொன்று, பாங்கி கடன் கொடுக்க, இலாகா அதற்கு நூற்றுக்கு 90 வரை பிணை நிற்பது. இதற்கு முன்பணம் வேண்டுவதில்லை. ஆனால் வீடு, இலாகா கிராமமென ஏற்ற இடத்தில் இருத்தல் வேண்டும்; வாங்குவோர் அதிலேயே குடியிருத்தல் வேண்டும்; வருமானமும் அவ்வட்டாரத்திற்கு விதித்த வரம்பைக் கடத்தலாகாது.

அன்பர்களே, இங்கேதான் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும். இப்பிணை பாங்கிக்கு உண்டாகும் நட்டத்திற்கே பிணை. கடன் வாங்கினவனுக்கு அன்று. ஆயினும் பிணைக்குரிய கட்டணம் முடிவில் அவன் தலைமேலேயே விழுகின்றது. 2016 அக்டோபரில் தொடங்கிய விகிதப்படி, முதலில் நூற்றுக்கு 1, பின்னர் ஆண்டுதோறும் நிலுவையில் நூற்றுக்கு 0.35. இரண்டு லட்சம் டாலர் கடனுக்கு முதற்கட்டணம் 2,000 டாலர். முதலாண்டுக் கட்டணம் ஏறக்குறைய 700 டாலர். தவணை தவறினால் வீடு ஏலத்திற்கு வரும். பாங்கிக்கு இலாகா ஈடு செய்த தொகையையும் கடனாளியிடமே கேட்கலாம். அரசாங்கம் இருக்கின்றதே என்று அயர்ந்திருப்போர் இரண்டையும் இழப்பர்.

ஆயின் இம்முறை பயனற்றதோ எனின், அன்று. டுலேரியிலேயே கோஷென் என்னும் சிற்றூரில், 1960களில் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்கள் சில ஒன்றுகூடித் தம் வீடுகளைத் தாமே கட்டின. அவ்வழக்கம் பின்பு நாடெங்கும் பரவியது. ஒரு குழுவிற் சேர்ந்த குடும்பங்கள், இலாகாக் கடன் கொண்டு, கட்டட வேலையில் நூற்றுக்கு 65 பங்களவு தம் கைகளாலேயே செய்கின்றன. எல்லா வீடுகளும் முடியுமுன் எவரும் குடிபுகுவதில்லை என்பது அவர்தம் விதி. தன் வீட்டுக்குக் கூரை போட்டவன் அடுத்தவன் சுவரை மறவாதிருத்தற்கு இதனினும் நல்ல ஏற்பாடு யாதுளது? முன்பணமாகப் பொன் இல்லாதார்க்கு உழைப்பே முதலாயிற்று.

ஆதலின் யாம் கூற விழைவது இதுவே. முன்பணம் இல்லாமை என்னும் வாயிற்கதவை அரசாங்கம் திறக்கலாம். உள்ளே நிலைத்து வாழச் செய்வது நம் கணக்கும் நம் கூட்டுறவுமே. நம்மவர் எந்நாட்டிலாயினும் கடன்பத்திரத்திற் கையெழுத்திடுமுன், பிணை யாருக்கு, கட்டணம் யாருடையது, தவணை தவறின் விளைவு யாது என்னும் மூன்றையும் கேட்டறிக. படிக்கத் தெரியாத பெரியோர்க்கு, வீட்டிலுள்ள பள்ளிப்பிள்ளைகள் அதனைப் படித்துக் காட்டுக.