உயிரின் வேதியியலும் நம் முன்னோர் கைத்தொழிலும்

   

கல்விக் கழகம் ஒன்றின் வெள்ளி விழாவில் வேதியியலைப் பற்றிப் பேசுவது பொருத்தமா எனச் சிலர் ஐயுறலாம். கல்வி என்றவுடன் சட்டத்தையும் வரலாற்றையும் அரசுப் பணித் தேர்வுகளையுமே நாம் முதலில் எண்ணுகிறோம். அவை வேண்டியவையே. ஆயினும், பிறப்பினால் உடலிலேயே உயர்வும் தாழ்வும் உண்டு என்று பல நூற்றாண்டுகளாக நம்மிடம் சொல்லி வந்தனர். ஆதலால் உடல் எதனால் ஆனது என்பதை அறியும் தேவை பிறரைவிட நமக்கு மிகுதி.

மனித உடலின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 65 பங்கு ஆக்சிஜன். 18 பங்கு கார்பன். 10 பங்கு ஹைட்ரஜன். 3 பங்கு நைட்ரஜன். இந்நான்கு தனிமங்களே 96 பங்காகி விடுகின்றன. எஞ்சியதில் எலும்பிலுள்ள கால்சியமும் பாஸ்பரசும், குருதியிலுள்ள இரும்பும், உப்பிலுள்ள சோடியமும் பிறவும் அடங்கும். இவற்றுள் ஒன்றேனும் உடலுக்கென்று தனியே அமைந்ததன்று. காற்றிலும் நீரிலும் மண்ணிலும் இருப்பவையே உணவின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் நம்முள் வந்து, சில காலம் தங்கி, மீண்டும் வெளியேறுகின்றன.

உயிருள்ளவற்றின் பொருள்களை ஆக்குவதற்குத் தனியான ஓர் உயிராற்றல் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் பலர் நம்பினர். 1828ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் வோலர், அம்மோனியம் சயனேட் என்னும் உப்பிலிருந்து யூரியாவைச் சோதனைச் சாலையிலேயே உண்டாக்கிக் காட்டினார். யூரியா சிறுநீரில் உள்ள பொருள். அன்று தொடங்கி அந்நம்பிக்கை படிப்படியாகத் தளர்ந்தது. உடலுக்குள் நிகழ்வதும் குடுவைக்குள் நிகழ்வதும் ஒரே விதிகளுக்கு உட்பட்டவை என்பது தெளிவாயிற்று.

உயிர்ப்பொருள்களை மாவுப்பொருள், கொழுப்பு, புரதம், நியூக்ளிக் அமிலம் என நால்வகையாகப் பகுப்பர். இவற்றுள் உடலைக் கட்டுவதும் அதன் வேலைகளை நடத்துவதும் பெரும்பாலும் புரதங்களே. புல்லாயினும் புழுவாயினும் மனிதனாயினும், புரதங்களைக் கட்டுவதற்குப் பயன்படும் அமினோ அமிலங்கள் பெரும்பாலும் அதே இருபதுதான். சில எழுத்துகளைக் கொண்டு எண்ணற்ற சொற்களை ஆக்குவதுபோல, இவ்விருபதையும் வெவ்வேறு வரிசையில் கோத்து எண்ணற்ற புரதங்களை உயிர்கள் ஆக்கிக்கொள்கின்றன.

அப்புரதங்களுள் ஒன்றை மட்டும் இன்று சற்று விரிவாகக் காண்போம். அதன் பெயர் கொலாஜன். நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவே. தோல், தசைநார், எலும்பு, குருத்தெலும்பு, குருதிக் குழாய்ச் சுவர் ஆகிய எல்லாவற்றிற்கும் உறுதி தருவது இது. ஆட்டுக்காலை நெடுநேரம் கொதிக்க வைத்து ஆற விட்டால், சாறு பாகுபோல உறைவதைக் காண்கிறோம். கொலாஜன் அவிழ்ந்து ஜெலட்டின் ஆவதன் விளைவு அது. தச்சர் மரத்தை ஒட்டப் பயன்படுத்திய வச்சிரமும் அதுவே.

கொலாஜனின் அமைப்பைப் பற்றிய ஒரு பெருங்கண்டுபிடிப்பு நம் சென்னையிலேயே நிகழ்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டதே கொலாஜன் என்பதை 1954ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒவ்வோர் இழையிலும் ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் உள்ளன. மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் நிற்கிறது. சிறியதாதலால் முறுக்கின் உட்புறத்தில் அதற்கு மட்டுமே இடமுண்டு. மூன்று புரி சேர்த்துத் திரித்த கயிற்றைப் போன்றது இவ்வமைப்பு.

மாட்டின் பச்சைத் தோலில் உள்ள நீரை நீக்கிவிட்டால், எஞ்சுவது பெரும்பாலும் இந்தக் கொலாஜனே. இறந்த மாட்டை அகற்றுவதும் அதன் தோலை உரித்துப் பதனிடுவதும் நம் முன்னோர் பலர்மேல் சுமத்தப்பட்ட தொழில். அத்தொழிலைக் காட்டியே அவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தினர். அவர்கள் அங்கே செய்தது என்ன என்பதை வேதியியலின் கண்ணால் இப்போது பார்ப்போம்.

முதலில் உப்பிட்டனர், உப்பு நீரை இழுத்துக்கொள்வதால் அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருக இயலாது. அடுத்துச் சுண்ணாம்புக் குழியில் ஊற வைத்தனர். மயிர் கெராட்டின் என்னும் வேறொரு புரதத்தால் ஆனது; சுண்ணாம்பின் காரம் மயிரின் வேர்ப்புறத்தைச் சிதைக்கும்; கொலாஜனோ பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். பின்னர் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் நாள்கணக்கில் இட்டு வைத்தனர். அவற்றிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், கொலாஜன் இழைகளுக்கு இடையே புகுந்து அவற்றைப் பிணைத்தது. அதன்பின் நுண்ணுயிர்களால் அப்புரதத்தை எளிதில் உண்ண முடியாது. நீர் பட்டாலும் எளிதில் அழுகாது. நாறும் தோல் நெடுங்காலம் நிலைக்கும் தோற்பொருள் ஆயிற்று.

கடுக்காயைக் கடித்தால் வாய் துவர்ப்பதும் இதே வினையால்தான். உமிழ்நீரிலுள்ள புரதங்களை டானின் பற்றித் திரளச் செய்கிறது. இதனை நம் மாலை வகுப்புகளிலேயே செய்து காட்டலாம். முட்டையின் வெண்கருவைச் சிறிது நீரில் கலக்கி, கடுக்காய்க் கஷாயத்தை வடிகட்டி அதில் ஊற்றுங்கள். கலங்கித் திரிதிரியாகத் திரளும். பதனிடும் குழியில் நிகழ்வது இதற்கு நெருங்கிய ஒன்றே.

ஆக, நம் முன்னோர் குழியோரத்தில் நின்று செய்தது புரத வேதியியல். எத்தனை நாள் சுண்ணாம்பு, எவ்வளவு பட்டை, எப்போது தோல் பக்குவப்பட்டது என்பதையெல்லாம் விரலாலும் மூக்காலும் அவர்கள் அறிந்திருந்தனர். 1948ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டபோது, அதே வேலை ஆராய்ச்சி என்னும் பெயர் பெற்றது. குழியில் நின்றபோது அது தீட்டு எனப்பட்டது. அவ்வாறு சொன்னோரின் மேனியைப் போர்த்திய தோலும் கொலாஜனே; அவர்கள் கேட்டு மகிழ்ந்த மிருதங்கத்தின் முகப்பும் கொலாஜனே.

இதனைச் சொல்வதால் பழைய தொழிலுக்கே இளைஞர்கள் திரும்ப வேண்டும் என்று நாம் கருதவில்லை. வேறு வழியின்றிச் சுமத்தப்பட்ட வேலையைப் புகழ்ந்து பாடுவதும் முறையன்று. காரணத்தை அறிய வாய்ப்பில்லாமல் வேலையை மட்டும் செய்ய நேர்ந்ததன் விலையை நம் மக்கள் உயிரால் கொடுத்துள்ளனர். ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை எண்ணிப் பாருங்கள். கழிவுத் தேக்கங்களிலும் மலத்தொட்டிகளிலும் அது உண்டாகிறது. தோல் ஆலையில் சல்பைடு கலந்த நீரோடு அமிலம் சேர்ந்தாலும் உண்டாகிறது. காற்றைவிட அடர்த்தி மிக்கதாதலால் அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டையைப் போல நாறும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. ஆகவே நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குவது சாவில் முடியும். உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை அவ்வாயு தடுத்துவிடுகிறது. விழுந்தவரைக் காப்பாற்ற வெறுங்கையோடு இறங்குபவரும் அவ்வாறே விழுகிறார்.

கழிவுநீர்ச் சாக்கடைகளிலும் மலத்தொட்டிகளிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது. சட்டம் இருந்தும் சாவுகள் நிகழ்ந்தன. “இறங்கமாட்டோம்” என்று சொல்ல உரிமை வேண்டும். ஏன் இறங்கக் கூடாது என்று விளக்க அறிவும் வேண்டும். முன்னதைச் சட்டம் தரும். பின்னதைக் கல்வியே தரும்.

நம் இல்லத்துக்கும் இவ்வறிவு பயன்படும். உடல் உறுதியான கொலாஜனை ஆக்குவதற்கு வைட்டமின் சி வேண்டும். ஆடும் மாடும் அதனைத் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும், மனிதரால் இயலாது. அது நெடுநாள் கிட்டாதபோது ஈறு வீங்கிக் குருதி கசியும், புண் ஆறாது. இந்நோயுற்ற மாலுமிகள் ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டு தேறியதை, 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்டு என்னும் கப்பல் மருத்துவர் சோதித்துக் கண்டார். நம் ஊர் நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் இச்சத்து மிகுதி. பிள்ளைகளின் உடல் வளர்ச்சியில் நாம் காணும் வேற்றுமை பலவற்றிற்கும் பெருங்காரணம் தட்டில் விழுவதும் விழாததுமேயாகும். எந்த இரு மனிதரை ஒப்பிட்டாலும், அவர்தம் மரபுப்பொருளான டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை ஏறத்தாழ நூற்றுக்கு 99.9 பங்கு ஒன்றாகவே உள்ளது.

மாணவ மணிகளே! அறிவியல் பிரிவு கடினம், அது நமக்கு வராது என்று யாரேனும் சொன்னால், அச்சொல்லுக்கு வேதியியலில் சான்று இல்லை என்று கூறுங்கள். பட்டையும் சுண்ணாம்பும் அளந்த கைகளின் வழியில் வந்தோர் நம்முள் பலர். அக்கைகளுக்கு எழுத்து மறுக்கப்பட்டது. உங்கள் கைகளில் புத்தகம் இருக்கிறது. நம் கழகத்தின் மாலை வகுப்புகள் ஒவ்வொன்றிலும் சில குடுவைகளும் ஒரு தராசும் கொண்ட சிறு சோதனை மேசை ஒன்றை அமைக்க வேண்டும் என்பதே, இவ்வெள்ளி விழாவில் உறுப்பினர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள். செலவு சிறிது, பயன் பெரிது.