‘வரை’ என்னும் சொல்லின் பொறுப்பு

வெளி மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில், பிள்ளைகள் ஆங்கிலம் எழுதுங்கால் ஒரு பிழை அடிக்கடி நேர்கின்றது. ‘அவர் வரும்வரை காத்திருப்பேன்’ என்று சொல்ல எண்ணி, ‘அண்டில் ஹி வில் கம்’ என்று எழுதிவிடுகின்றனர்.

இதற்குக் காரணம் கவனக்குறைவு அன்று; தாய்மொழியின் பழக்கமே. ‘வரும்’ என்பது நமக்கு எதிர்காலப் பெயரெச்சம். ஆதலின் ஆங்கிலத்திலும் எதிர்கால வினையை நாடுகின்றோம். ஆங்கிலமோ, முதன்மை வாக்கியமே எதிர்காலத்தை உணர்த்திவிடுவதால், பொழுதைக் குறிக்கும் துணைவாக்கியத்தில் ‘கம்ஸ்’ என்னும் நிகழ்கால வினையோடு அமைகின்றது. செயல் முற்றுப்பெற வேண்டும் என்று வற்புறுத்தினால், ‘ஹேஸ் கம்’ என்கின்றது. இதில் வியப்பில்லை. நாமும் நாளை நிகழப்போவதை, ‘அவர் வந்ததும் சொல்வேன்’ என்று இறந்தகால வடிவால் கூறுகின்றோம் அல்லவா?

இது பள்ளிக்கூடத்துச் செய்தி மட்டுமன்று. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தில், 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே அமைந்த ஓர் உட்பிரிவைக் காண்போம். மத்திய அரசின் அலுவல்களில் ஆங்கிலம் தொடர்வதற்கான ஏற்பாடுகள் எதுவரை நீடிக்கும் என்பதை அது வரையறுக்கின்றது. ஆங்கிலத்தை நிறுத்துவதற்கான தீர்மானங்கள் நிறைவேறும்வரை என்பதே அதன் விடை. அங்கு ஆளப்பட்ட வினை, ‘ஹேவ் பீன் பாஸ்ட்’. இது முற்றுப்பெற்ற செயல். தீர்மானம் அவைமுன் வந்தது என்பது போதாது. நிறைவேறி முடிந்திருத்தல் வேண்டும்.

வினை செயப்பாட்டு வினையாதலின், செய்பவர் யார் என்னும் வினா எழுகின்றது. செயப்பாட்டு வினையில் செய்பவர் மறைந்துபோவது உண்டு. இச்சட்டமோ மறைக்கவில்லை. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் முதலில் நிறைவேற்ற வேண்டும். அவற்றை ஆராய்ந்த பின்னர் நாடாளுமன்றத்தின் ஒவ்வோர் அவையும் நிறைவேற்ற வேண்டும்.

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நாம், ‘தீர்மானங்கள் நிறைவேற்றப்படும்வரை’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால், சொல் குறைவதோடு காப்பும் குறைந்துவிடும். ‘சட்டமன்றங்கள் அனைத்தும் நிறைவேற்றி முடிக்கும்வரை’ என்று செய்வினையில் எழுதினால், தமிழும் தெளிவாகும்; பொருளும் சிதையாது.

ஆகவே, நம் வீட்டுப் பிள்ளை ‘அண்டில்’, ‘வென்’, ‘ஆப்டர்’ என்று தொடங்கும்பொழுது, இரண்டே வினாக்களைக் கேட்கப் பழக்குவோம்: செயல் முடிந்ததா? செய்தவர் யார்? இலக்கணம் என்பது மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று. உரிமைகளும் அதன்மேல் நிற்கின்றன.