பழைய ஆயில் எஞ்சினுக்கு மரை பார்த்து போல்ட் வாங்குங்க!



கிணற்று மேட்டில் பழைய சீமை ஆயில் எஞ்சினை இன்னும் ஓட்டுபவர்கள் உண்டு. அதில் ஒரு போல்ட் தொலைந்தால் கைக்கு அகப்பட்டதை மாட்டி, ஸ்பேனரால் முறுக்கிவிடுகிறோம். அங்கேதான் வினை. எஞ்சின் உடம்பு வார்ப்பிரும்பு. மரை சேராத போல்ட்டை முறுக்கினால் துளையின் மரை உரிந்துபோகும். சமயத்தில் வார்ப்பே விண்டுபோகும். தண்ணீர் கட்ட வேண்டிய நேரத்தில் எஞ்சின் பட்டறையில் கிடந்தால், பயிர் காத்திருக்குமா?

இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர் 1841-இல் மரைக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். பழைய சீமை எஞ்சின்களில் பெரும்பாலும் அந்த மரைதான். அதன் சரிவு 55 டிகிரி. இப்போது கடையில் சாதாரணமாகக் கிடைப்பது மில்லிமீட்டர் மரை. சரிவு 60 டிகிரி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இரண்டரை நூல் போல்ட்டும் 8 மில்லிமீட்டர் போல்ட்டும் பருமனில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மாற்றிப் போட்டால் ஓரிரு சுற்று போய்ச் சிக்கிக்கொள்ளும்.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் பழைய போல்ட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். போல்ட் தொலைந்திருந்தால் அதே வரிசையில் உள்ள பக்கத்து போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்.

அடுத்து, தேயாத இடத்தில் பருமனை அளக்க வேண்டும். நாலு நூல், அதாவது அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர்.

பிறகு ஸ்கேலை மரை நெடுக வைத்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எண்ணுங்கள். நாலு நூல் போல்ட்டில் 12 வந்தால் விட்வொர்த். 16 வந்தால் சீமை நெருக்க மரை. 13 வந்தால் அமெரிக்க மரை. அரை அங்குலம் மட்டும் எண்ணினால் 12-ம் 13-ம் ஏமாற்றிவிடும். 12 மில்லிமீட்டர் சாதாரண போல்ட்டில் பத்து மரை இடைவெளி 17.5 மில்லிமீட்டர் வரும்.

கடையில் பழைய போல்ட்டையும் புதியதையும் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இடையே வெளிச்சம் கசிந்தால் வேண்டாம். கடைசிச் சோதனை விரல்தான். விரலாலேயே கடைசி வரை ஏற வேண்டும். இரண்டு சுற்றில் நின்றால் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

ஒன்று முக்கியம். கனெக்டிங் ராடு போல்ட்டுக்கு மரை சேர்ந்தால் மட்டும் போதாது, உறுதியும் வேண்டும். அங்கே கடை போல்ட் போட்டு அது ஓட்டத்தில் அறுந்தால், ராடு எஞ்சின் வயிற்றையே உடைத்துவிடும். ஆளுக்கும் ஆபத்து. அதற்குரிய அசல் போல்ட்டையே தேடி வாங்குங்கள்.

துளையின் மரை உரிந்திருந்தால் நீங்களே டாப் போட வேண்டாம். தேர்ந்த லேத் பட்டறைக்காரரிடம் காட்டுங்கள். கடைக்குப் போகும்போது பழைய போல்ட்டை மடியில் கட்டிக்கொண்டு போக மறக்காதீங்க.