இதுவும் ஒரு பட்டம், இதுவும் ஒரு தொழில்



நாம் படித்த காலத்தில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் டொக்டர் அல்லது எஞ்சினியர். நம்மில் பலர் அப்படியே வந்தோம். ஆனால் மனம் உடைந்த பிள்ளை வைத்தியர்களாகிய எங்களிடம் வந்து சேரும்போது பலமுறை பிந்திவிடுகிறது. அதற்கு முன்பே அந்தப் பிள்ளையின் பேச்சைக் கேட்க ஒருவர் வேண்டும்.

இங்கிலாந்தில் அவரை இளைஞர் பணியாளர் என்கிறார்கள். அந்தத் தகைமையை வேலை செய்துகொண்டே பெற அங்கு ஒரு வழி உண்டு: பட்டத்துடன் கூடிய தொழிற்பயிலுநர் பயிற்சி. பயிலுநர் உள்ளூராட்சிச் சபையிலோ தொண்டு நிறுவனத்திலோ சம்பளத்துக்கு வேலை செய்வார். வேலை நேரத்தின் ஒரு பகுதி படிப்புக்கு ஒதுக்கப்படும். கல்விக் கட்டணம் அவர் தலையில் விழாது. சாதாரணமாக 3 வருடங்கள். முடிவில் இளமாணிப் பட்டமும் தொழில் தகைமையும் கிடைக்கும்.

வாட் அனுபவமில்லாமல் நாங்கள் டொக்டர் ஆகவில்லை. இதுவும் அப்படித்தான். ஆசிரியரிடம் இடாப்பு உண்டு, எங்களிடம் மருந்து உண்டு. இளைஞர் பணியாளரிடமோ பிள்ளை தானாக விரும்பி வரவேண்டும். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கவும், பிள்ளைக்கு ஆபத்து என்றால் யாரிடம், எப்போது சொல்வதென்று அறியவும் பயிற்சி வேண்டும்.

அங்கு வாழும் நம் சகோதரிகளின் மகள் ஒருத்தி இதைப் படிக்கக் கேட்டால், "இதுவும் ஒரு வேலையோ?" என்று நாம் வாயடைக்க வேண்டாம். இங்கும் பிள்ளைகளோடு நிற்பவர்களைத் தொண்டர் என்று புகழ்வதோடு நிறுத்தாமல், பயிற்சியும் சம்பளமும் உரிய தொழிலாளராக மதிப்போம்.