மாசு நீக்கும் அறிவு நமக்கும் உரியது

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கையில் ஏட்டையும் எழுதுகோலையும் கொடுத்து வரும் கழகம் இது. இவ்விழாவில் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசப் பலர் இருக்கின்றனர். நாம் சற்று வேறு ஒன்றைப் பற்றிப் பேச எண்ணுகிறோம். நீரிலும் நிலத்திலும் சேரும் மாசை நீக்கும் தொழில் நுட்பத்தைப் பற்றியும், அதில் சிறு தொழில் செய்வோர் மேற்கொள்ளும் ஆராய்ச்சியைப் பற்றியும் பேசப் போகிறோம். இது நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நமக்குத்தான் முதலில் வேண்டும் என்பதே நம் விடை.

நம் பாகூர் பழம்பெரும் கல்வி ஊர். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. பாகூர்ச் செப்பேடு இதைச் சொல்கிறது. அந்தக் கல்விச் சாலையின் வாயிலுக்குள் நம் முன்னோர் சென்றதில்லை. ஊரின் அழுக்கை அகற்றும் வேலை ஒரு புறம், அறிவைப் போற்றும் வேலை மறுபுறம் எனச் சமுதாயம் வகுத்தது. அழுக்கு நம் பங்காகவும் அறிவு பிறர் பங்காகவும் ஆயின. இந்தப் பங்கீடு இன்று முற்றும் ஒழிந்து விட்டதா?

நாட்டில் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974ஆம் ஆண்டிலும், காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981ஆம் ஆண்டிலும், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986ஆம் ஆண்டிலும் வந்தன. சட்டம் வந்ததும் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் வேண்டியிருந்தன. அவற்றை வரைவதற்குப் பொறியாளர், சோதிப்பதற்கு வேதியியலார், கருவி செய்து விற்பதற்கு முதலாளிகள் எனப் புதியதொரு வணிகமே தோன்றியது. அந்த வணிகத்தில் நம்மவர் எத்தனை பேர்? ஆனால் அடைத்துக்கொண்ட சாக்கடையைத் திறக்க ஆள் தேடும்போது மட்டும் நம் தெருவுக்கு வழி தெரிகிறது.

கண்முன் உள்ளவற்றையே பாருங்கள். வில்லியனூரைத் தொட்டு ஓடும் சங்கராபரணியின் ஒரு கிளை சுண்ணாம்பாறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் வெளியிட்ட மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் சுண்ணாம்பாறும் இடம் பெற்றது. புதுவையின் மிகப் பெரிய ஏரி ஊசுட்டேரி. அடுத்தது பாகூர் ஏரி. இவற்றை நம்பியே நம் வயல்களும் கிணறுகளும் இருக்கின்றன. கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உவர்த்து வருகிறது. நீர் கெட்டால், விலை கொடுத்து நீர் வாங்க இயலாதவன் வீட்டில்தான் முதலில் நோய் நுழைகிறது.

வில்லியனூர்ச் சாலையில் உள்ள ரெட்டியார்பாளையத்தில் 2024 ஜூன் மாதம் நிகழ்ந்ததை நாம் மறக்கவில்லை. புதைசாக்கடையில் உண்டான நச்சுக் காற்று வீட்டுக் கழிவறைகளின் வழியே ஏறி வந்து மூன்று உயிர்களைக் குடித்தது. அவர்களுள் ஒருத்தி பள்ளி செல்லும் வயதுச் சிறுமி. மலக்கழிவு காற்றின்றித் தேங்கி அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு பிறக்கிறது. முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மழுங்கச் செய்து விடும். ஆகவே நாற்றம் நின்றது என்று நம்பி உள்ளே இறங்குபவன் மேலே வருவதில்லை. மனிதர் கையால் மலம் அள்ளுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டமும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. அதன் பின்னரும் சாவுகள் நிற்கவில்லை. சட்டம் தடுத்த வேலையைச் செய்ய மாற்றுக் கருவி வேண்டும். அந்தக் கருவியைக் கண்டறிவதே நாம் கூறும் ஆராய்ச்சி.

அவ்வாறு கண்டறிந்தோர் உண்டு. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய தொழிலாளர் இருவரும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் மாண்டனர். அச்செய்தி கேரளத்துப் பொறியியல் மாணவர் சிலரின் நெஞ்சைத் தொட்டது. அவர்கள் ஜென்ரோபோடிக்ஸ் என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கி, குழிக்குள் தானே இறங்கி மண்ணையும் குப்பையையும் வாரி வரும் இயந்திரத்தை உருவாக்கினர். 2018இல் அது திருவனந்தபுரத்தில் பணியில் இறங்கியது. அதன் பெயர் பாண்டிகூட். நம் பெருச்சாளிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. பெரும் ஆலை செய்யாததைக் கல்லூரியை விட்டு வந்த இளைஞர் சிலர் செய்தனர்.

ஆயினும் இயந்திரம் வந்தால் மட்டும் போதுமா? அது யாருக்குச் சொந்தம் என்று கேட்க வேண்டும். ஐதராபாத்தில் 2017ஆம் ஆண்டிலும் தில்லியில் 2019ஆம் ஆண்டிலும் ஒரு நல்ல வழி காட்டப்பட்டது. குறுகிய சந்துகளிலும் நுழையக் கூடிய சிறு சாக்கடைத் தூய்மை வண்டிகள் தலித் தொழில் வணிகர் சங்கத்தின் துணையோடு ஓடத் தொடங்கின. தில்லியில் இருநூறு வண்டிகள். சாக்கடையில் இறங்கி உழைத்தோரின் குடும்பத்தினர் அவற்றின் உரிமையாளர் ஆயினர். நேற்று குழிக்குள் நின்றவன் இன்று வண்டியின் சொந்தக்காரன். இந்த மாற்றத்தையே நாம் முன்னேற்றம் என்போம்.

இன்னொரு சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கனமீட்டர் கழிவு நீரைத் தூய்மை செய்யும் அமைப்பு நிறுவப்பட்டது. அழுக்கு நீர் முதலில் படிவுத் தொட்டியில் தங்குகிறது. கனமானவை அடியில் படிகின்றன. அடுத்து, தடுப்புச் சுவர்கள் கொண்ட மூடிய அறைகள். ஒவ்வோர் அறையிலும் நீர் கீழிறங்கி மேலேறிச் செல்லும்போது, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று விடுகின்றன. பின்பு செடிகள் நட்ட சரளைக்கல் படுகை. அச்செடிகளின் வேர்களினூடே நீர் மெல்லக் கசிகிறது. இறுதியில் வெயிலும் காற்றும் படும் திறந்த குளம். அந்நீர் தோட்டத்திற்குப் பாய்கிறது. இம்முறையில் நீர் தன் எடையாலேயே ஓடுவதால் மின்விசை மிகக் குறைவாகவே தேவைப்படும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செங்கல், சிமெண்டு, சரளை, செடி இவையே இதன் உறுப்புகள். கொத்தனார் வேலையும் சித்தாள் வேலையும் செய்த நம் கைகளுக்கு ரசமட்டமும் தூக்குக்குண்டும் புதியவை அல்ல. எத்தனை அறை, எவ்வளவு ஆழம், எத்தனை மணி நேரம் நீர் தங்க வேண்டும் என்னும் கணக்கு ஒன்றே நமக்குப் புதிது. அந்தக் கணக்கைக் கற்பிக்கவே கல்விக் கழகம் இருக்கிறது.

சிறு நிறுவனங்களுக்கு ஆராய்ச்சிப் பணம் யார் தருவார் என்னும் கேள்வி எழும். அமெரிக்க நாட்டில் 1982இல் ஒரு சட்டம் இயற்றி, அரசுத் துறைகளின் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பகுதியைச் சிறு நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கினர். சுற்றுச்சூழல் துறையும் அதில் சேர்ந்தது. நம் நாட்டிலும் 2005இல் உயிரித் தொழில்நுட்பத் துறை அதையொத்த திட்டத்தைத் தொடங்கியது. மேலும், மத்திய அரசுத் துறைகள் வாங்கும் பொருள்களில் நான்கு விழுக்காடு தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் சிறு தொழில்களிடமிருந்து வாங்கப்பட வேண்டும் என 2012ஆம் ஆண்டு ஆணை சொல்கிறது. அந்த நான்கு விழுக்காடு நிறைவேறாமலே ஆண்டுகள் பல கழிந்தன. கேட்பதற்கு ஆள் வேண்டும். விற்பதற்கு நம்மிடம் பொருளும் வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் தாய் ஒருத்தி மனத்துக்குள் கேட்பது நம் காதில் விழுகிறது. “குப்பையிலிருந்து விடுபடத்தானே பிள்ளையைப் படிக்க வைத்தேன்? மீண்டும் அங்கேயே அனுப்புகிறீர்களே!” நியாயமான கேள்வி. நம் பிள்ளைகள் மருத்துவராகட்டும், நீதிபதியாகட்டும், கவிஞராகட்டும். எவரையும் பிறப்பைக் காட்டி இத்துறைக்குள் தள்ளுவதை நாம் ஏற்க மாட்டோம். ஆனால் விரும்பி வருகின்ற பிள்ளை கூடையோடு வர வேண்டாம். அளவுகோலோடும் ஆய்வுக் குறிப்பேட்டோடும் வரட்டும். அழுக்கைத் தொட்டதால் அல்ல, அறிவு மறுக்கப்பட்டதால்தான் நாம் தாழ்த்தப்பட்டோம்.

ஆதலின் கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, கழகத்தின் மாணவர்கள் மாதந்தோறும் தம் ஊர்க் கிணறு, ஏரி, வாய்க்கால் நீரைச் சோதித்து, உப்பு, அமிலத் தன்மை, கரைந்த உயிர்வாயு ஆகியவற்றை ஏட்டில் பதிய வேண்டும். பத்தாண்டுக் கணக்கு கையில் இருந்தால் எந்த அலுவலகமும் நம்மை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. இரண்டாவது, ஏதேனும் ஒரு தெருவின் குளியல் நீருக்காவது செடிப் படுகை ஒன்றை நம் இளைஞர்களே அமைத்து, பழுது வந்தால் தாமே திருத்திப் பழக வேண்டும். மூன்றாவது, தொழிற்பயிற்சி பெற்ற நம் இளைஞர் ஐவரோ பதின்மரோ கூடித் தொழில் தொடங்க முன்வந்தால், கடன் மனு எழுதுவது முதல் கணக்கு வைப்பது வரை கழகம் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும்.

1927ஆம் ஆண்டு மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரைக் கையில் அள்ளினார். பொது நீரைப் பருகும் உரிமையை அன்று நிலை நாட்டினார். அந்நீர் தூயதா, மாசுற்றதா என அளந்து சொல்லும் உரிமையும், மாசை நீக்கி வாழும் வகையும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். கழகம் தன் பொன்விழாவைக் கொண்டாடும் நாளில், பாகூர் ஏரிக் கரையில் நின்று நீரைச் சோதிக்கும் ஆய்வாளர் நம் தெருப் பெண்ணாக இருக்கட்டும்.

கழகம் வளர்க!